ஹெர்னியாவுக்குக் காப்பீடு, வயிற்றுச் சீரமைப்புக்குச் சொந்தப் பணம்: இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 41 வயது, திருச்சியில் வசிக்கிறேன். இரண்டு குழந்தைகளும் சிசேரியன் மூலம் பிறந்தவர்கள். இளையவளுக்கு ஏழு வயது. ஓராண்டாகத் தொப்புளை ஒட்டி வீக்கம் இருந்தது. பொது அறுவை மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தொப்புள் ஹெர்னியா (குடலிறக்கம்) என்றும் வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றும் சொன்னார். வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருப்பதாலும் தோல் தளர்ந்து தொங்குவதாலும், அதே மயக்கத்திலேயே ‘டம்மி டக்’ எனப்படும் வயிற்றுச் சீரமைப்பையும் செய்துகொள்ளலாம் என்று அங்குள்ள பிளாஸ்டிக் சர்ஜன் சொல்கிறார். எங்கள் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்கு ஃப்ளோட்டர் பாலிசி (குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரே காப்பீடு) இருக்கிறது. எடுத்து நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு உண்டு. ஹெர்னியாவுக்கு 1,30,000 ரூபாயும் டம்மி டக்குக்கு 2,10,000 ரூபாயும் ஆகும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த ஒருவர், “எல்லாவற்றையும் ஹெர்னியா என்றே போட்டுவிட்டால் முழுப் பணமும் வந்துவிடும்” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் ஹெர்னியாவுக்கு வரவேண்டிய பணமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். உண்மையைச் சொல்வதனால் மட்டும் ஹெர்னியாவுக்கான பணம் போய்விடாது. காப்பீட்டில் அடங்கும் ஓர் அறுவை சிகிச்சையோடு, அடங்காத இன்னொன்றைச் சொந்தச் செலவில் சேர்த்துச் செய்துகொள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விலக்குகளில் (எவற்றுக்குக் காப்பீட்டுப் பணம் இல்லை என்ற பட்டியலில்) எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் எதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது, உங்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களில் பிரிந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒற்றை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் இவ்வளவு ஹெர்னியாவுக்கு, இவ்வளவு மற்றதற்கு என்று விளக்கத் தொடங்கினால், நியாயமாக வரவேண்டிய தொகையும் இழுபறியில் நின்றுவிடும். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த மருத்துவன் என்ற முறையில், இந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் உங்களுக்கு உண்மையிலேயே இடர் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விதி. இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவான விலக்குகளின் வாசகத்தை ஆணையமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அவற்றுள் எட்டாம் எண் விலக்கு அழகு சிகிச்சையையும் பிளாஸ்டிக் அறுவையையும் பற்றியது. தோற்றத்தை மாற்றுவதற்காகச் செய்யப்படும் எந்தச் சிகிச்சையின் செலவும் தரப்பட மாட்டாது என்பதே அதன் சாரம். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யப்படும் மறுசீரமைப்புக்கு அதில் விதிவிலக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவரீதியாக அவசியம் என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளித்தாலும் விதிவிலக்கு உண்டு. தோல் தளர்ந்திருப்பது, ஆடை சரியாகப் பொருந்தாதது, முதுகு வலிப்பது ஆகியவை ‘உடனடி ஆபத்து’ என்ற சொற்களுக்குள் வருவதில்லை. ஆகவே டம்மி டக்கின் பெரும்பகுதி உங்கள் செலவு என்பதில் ஐயம் வேண்டாம். அதே சமயம், அந்த விலக்கு அழகு சிகிச்சையின் செலவைத்தான் விலக்குகிறது. அது நடந்த அதே நாளில் நடந்த ஹெர்னியா சிகிச்சையையும் சேர்த்து விலக்கவில்லை. உங்கள் அச்சத்துக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அறுவை அரங்கில் உங்கள் வயிற்றில் மூன்று வேலைகள் நடக்கப்போகின்றன. தொப்புளருகே உள்ள துளையை அடைத்து வலை பொருத்துவது முதலாவது. இது ஹெர்னியா சிகிச்சை. இதற்குக் காப்பீட்டில் பணம் உண்டு. விலகிய வயிற்றுத் தசைகளை நடுக்கோட்டில் இழுத்துத் தைப்பது இரண்டாவது. மிகுதியான தோலையும் கொழுப்பையும் வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய இடத்தில் வாய் அமைப்பது மூன்றாவது. மூன்றாவது வேலை முழுக்க முழுக்க உங்கள் பணத்தில்தான் நடக்க வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் சேர்ந்தால் அதுவும் அப்படியே. தகராறு எழுவது இரண்டாவதில்தான். தசை விலகல் தனியாக இருந்தால் அது ஹெர்னியா ஆகாது; அதைத் தைப்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் அழகு சிகிச்சையாகவே கருதுகின்றன. ஆனால் விலகலோடு ஹெர்னியாவும் இருக்கும்போது, துளையை மட்டும் அடைத்துவிட்டு மெலிந்த நடுக்கோட்டை அப்படியே விட்டால் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது அறுவை மருத்துவர்கள் அறிந்ததே. உங்கள் பொது அறுவை மருத்துவர், ஹெர்னியா திரும்பாமலிருக்கத் தசையையும் தைப்பது அவசியம் என்று தம் சொந்த முடிவாகக் கருதினால், காரணத்தோடு அதை எழுதித் தரட்டும். அந்தப் பகுதியைக் கோரிக்கையில் வைக்க அப்போது உங்களுக்கு நியாயம் உண்டு. அவர் அப்படிக் கருதவில்லை என்றால், எழுதித் தரும்படி அவரை வற்புறுத்த வேண்டாம். கேட்டு வாங்கிய சான்று எது, மருத்துவராகவே எழுதிய குறிப்பு எது என்பது பரிசீலிப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரிந்துவிடும்.

இனி, நிறுவனம் உண்மையில் எதைச் சந்தேகிக்கும் என்று பார்ப்போம். டம்மி டக் செய்துகொள்ள வந்தவருக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கட்டும் என்று ஸ்கேனில் தெரிந்த ஒரு சிறு ஹெர்னியாவைப் பெரிதாக எழுதியிருக்கிறார்களா, அல்லது ஹெர்னியாவுக்காக வந்தவர் கூடவே டம்மி டக்கையும் செய்துகொள்கிறாரா என்பதே பரிசீலகர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. முதலாவது என்று அவர் முடிவுசெய்தால், மருத்துவமனையில் சேர்ந்ததன் முதன்மை நோக்கமே அழகு சிகிச்சை என்று எழுதி முழுக் கோரிக்கையையும் மறுக்கக்கூடும். இந்த முடிவை அவர் தேதிகளை வைத்துத்தான் எடுப்பார். பொது அறுவை மருத்துவரை எப்போது பார்த்தீர்கள், ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள், வலை வைக்க வேண்டும் என்ற அறிவுரை எப்போது எழுதப்பட்டது, பிளாஸ்டிக் சர்ஜனை எப்போது சந்தித்தீர்கள் என்ற வரிசையைப் பார்ப்பார். உங்கள் விஷயத்தில் வரிசை சரியாகவே இருக்கிறது. அந்த முதல் சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்கேன் அறிக்கையில் துளையின் அளவு, அதன் வழியே வெளிவருவது என்ன, அழுத்தினால் உள்ளே போகிறதா ஆகிய விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அறுவை மருத்துவர் தம் சீட்டில் வலி, வீக்கம் வளர்வது போன்ற அறிகுறிகளையும் குறித்திருந்தால் நல்லது.

வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறது என்ற கேள்விக்கும் நிதானமாக விடை சொல்ல வேண்டியிருக்கும். மருத்துவமனையில் சேரும் அன்று பணியிலிருக்கும் இளம் மருத்துவர் இதைக் கேட்பார். நீங்கள் பேச்சுவாக்கில் “இரண்டாவது பிரசவத்திலிருந்தே வயிறு இப்படித்தான்” என்று சொல்ல, அவர் “ஏழு ஆண்டுகளாக வீக்கம்” என்று எழுதிவிட்டால், பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்ற பேச்சு அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பும். வயிறு தளர்ந்து ஏழு ஆண்டுகள், தொப்புள் வீக்கம் ஓராண்டு என்று உள்ளபடியே பிரித்துச் சொல்லுங்கள். முன்பே இருந்த நோய் என்பதற்கு விதியில் தெளிவான வரையறை இருக்கிறது: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் மருத்துவர் ஒருவர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது சிகிச்சை பரிந்துரைத்திருக்க வேண்டும், அல்லது சிகிச்சை நடந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அந்தக் காலம் 36 மாதங்கள். அத்தகைய நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் (பாலிசி எடுத்த பிறகு அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் 36 மாதங்கள்தான். ஹெர்னியா பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கும். நான்கு ஆண்டுகள் முடிந்த உங்கள் பாலிசி இவற்றைக் கடந்துவிட்டது. எனினும், மறைத்துவிட்டீர்கள் என்ற காரணத்தை மோசடி இல்லாத நிலையில் நிறுவனம் எழுப்பவே முடியாது என்ற பாதுகாப்பு 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி இருந்த பிறகே வருகிறது. உங்களுக்கு அதற்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஆகவே பாலிசி எடுத்தபோது நிரப்பிய படிவத்தின் நகலை எடுத்து, முந்தைய அறுவைகள் என்ற இடத்தில் இரண்டு சிசேரியன்களும் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொன்னதைப் பற்றி உங்களுக்கே சரியாகப் படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்ணம் சரிதான். நடக்காத செலவை நடந்ததாகக் காட்டுவதோ, ஒரு சிகிச்சையின் செலவை இன்னொன்றின் பெயரில் கேட்பதோ பாலிசியின் மோசடி விதிக்குள் வருகிறது. அது நிரூபணமானால் ஹெர்னியாவுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய தொகையும் சேர்ந்து போகும். பாலிசியையே ரத்து செய்யலாம். கட்டிய பிரீமியமும் திரும்பாது. உங்களுடையது ஃப்ளோட்டர் என்பதால், கணவரும் குழந்தைகளும் அதே பாலிசியில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆலோசனை சொன்ன ஊழியருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. மேலும், இதை மறைப்பது அவர் நினைப்பது போல எளிதும் அல்ல. தொப்புள் ஹெர்னியாவுக்கு இடுப்பிலிருந்து இடுப்பு வரை நீளும் தழும்பு வராது. அறுவை அரங்கின் நேரக் குறிப்பும், மயக்க மருத்துவரின் தாளும், செவிலியரின் பதிவேடும் என்ன நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

வரியும் காட்டிக்கொடுக்கும். மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த விலக்கு அழகு சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் அறுவைக்கும் பொருந்தாது என்பது தெரிவதில்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீர்படுத்தச் செய்தால் மட்டுமே அவற்றுக்கு வரிவிலக்கு கிடைக்கும். மற்றபடி 18 விழுக்காடு வரி உண்டு. உங்களிடம் சொன்ன 2,10,000 ரூபாய் வரி சேர்க்காத தொகையாக இருந்தால், அதன்மேல் 37,800 ரூபாய் சேர்ந்து 2,47,800 ஆகிவிடும். எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்கும்போதே வரி உட்பட எவ்வளவு என்று கேளுங்கள். டம்மி டக்குக்கான பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அது இருப்பதே கணக்கு நேர்மையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு உங்கள் பக்கச் சான்று.

செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். தேதி குறிப்பதற்கு முன், காப்பீட்டு நிறுவனத்துக்கும், இடையில் டி.பி.ஏ. (நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் அமைப்பு) இருந்தால் அதற்கும், பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “தொப்புள் ஹெர்னியாவுக்கு அறுவை சிகிச்சை அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. அதே மயக்கத்தில் வயிற்றுச் சீரமைப்பு ஒன்றையும் சொந்தச் செலவில் செய்துகொள்ளப் போகிறேன். அதற்கான செலவு தனி பில்லில் வரும், அதை உங்களிடம் கோரமாட்டேன். ஹெர்னியாவுக்கு, மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதி கிடைக்குமா, பொதுச் செலவுகளை எப்படிப் பிரிப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்” என்ற அளவில் இருந்தால் போதும். தொலைபேசியில் ஒருவர் “பிரச்சினை இல்லை மேடம்” என்று சொல்வதை நம்பி அரங்குக்குள் போக வேண்டாம். கோரிக்கை வரும்போது அந்த உரையாடல் யார் நினைவிலும் இருக்காது.

அதன் பிறகு மருத்துவமனையிடம் இரண்டு தனி எஸ்டிமேட்டுகளையும் இரண்டு தனி ஒப்புதல் படிவங்களையும் கேளுங்கள். முன்அனுமதிப் படிவத்தில் ஹெர்னியாவின் செலவு மட்டும் இருக்கட்டும். ஆனால் அதே அமர்வில் இன்னொரு சிகிச்சையும் சொந்தச் செலவில் நடக்கிறது என்ற ஒரு வரியும் அதில் அவசியம் இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளின் கணினியில் ஒரு சேர்க்கை எண்ணுக்கு ஒரே பில்தான் உருவாகும். ஆகவே பில்லைப் பிரித்துப் போட முடியுமா என்று டெஸ்க்கில் கேட்பதோடு நின்றுவிடாமல், கணக்குப் பிரிவின் பொறுப்பாளரிடமே கேட்டுவிடுங்கள். அறுவைக் குறிப்பைப் பொது அறுவை மருத்துவர் தம் பகுதிக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் தம் பகுதிக்கும், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இட்டுத் தனித்தனியே எழுதினால், பிரிப்பதில் தகராறு பெருமளவு குறைந்துவிடும். வலைக்கான விலைப்பட்டியலும் அதன் உறையிலுள்ள ஸ்டிக்கரும் ஹெர்னியா கோப்பில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு சிகிச்சைகளும் உள்ளபடி எழுதப்பட வேண்டும். நாளைக்கு வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் உங்கள் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அவருக்கு வழிகாட்டப்போவது அந்தத் தாள்தான்.

எவ்வளவு பிரித்தாலும் சில செலவுகள் இரண்டுக்கும் பொதுவாகவே நிற்கும். மயக்க மருத்துவரின் கட்டணம், அரங்கக் கட்டணம், அறை வாடகை, அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள் ஆகியவை அவை. நியாயமான முறை என்னவென்றால், ஹெர்னியாவை மட்டும் செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்த அளவைக் காப்பீட்டின் பக்கத்திலும், சீரமைப்பினால் கூடிய நேரத்தையும் நாட்களையும் உங்கள் பக்கத்திலும் வைப்பது. அந்த மருத்துவமனைக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் ஹெர்னியாவுக்கு ஒப்பந்தப் பேக்கேஜ் விலை இருந்தால் வேலை இன்னும் எளிது. அந்தப் பேக்கேஜை நிறுவனம் தரும், அதற்கு மேல் ஆவதெல்லாம் உங்களுடையது. ஹெர்னியாவுக்கு இரண்டு நாள் தங்கினால் போதும், சீரமைப்பினால் நான்கு நாள் ஆகிறது என்றால், கூடுதல் இரண்டு நாட்களையும் கோராதீர்கள். வயிற்றைச் சுற்றி அணியும் பட்டி போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் எப்படியும் பணம் கிடையாது.

அறை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சொந்தப் பணமும் போடுகிறோமே, கொஞ்சம் வசதியான அறையாக எடுப்போம் என்று தோன்றுவது இயல்பு. உங்கள் வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால், கூடுதல் 3,000 ரூபாயைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம், மயக்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத் தரும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது. ஹெர்னியா பில்லில் அப்படிப்பட்ட கட்டணங்கள் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 45,000 ரூபாய்தான். 27,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். மருந்து, வலை, பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது ஆணையத்தின் விதி. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளிலும் இது பொருந்தாது. 5,000 ரூபாய்க்குள் அறை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்குச் சம்பந்தப்பட்டவை. கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம். என்னை உண்மையில் யோசிக்கவைப்பது சிக்கல் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி. டம்மி டக் சிறிய சிகிச்சை அல்ல. நீர் கோத்துக்கொள்வது, தோலின் ஓரம் கறுத்துப்போவது, காயத்தில் சீழ் பிடிப்பது, காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது ஆகியவை அதில் அறியப்பட்ட சிக்கல்கள். விலக்கப்பட்ட ஒரு சிகிச்சையால் விளைந்த சிக்கலுக்கும் பணம் இல்லை என்றே நிறுவனங்கள் பொதுவாக வாதிடும். இரண்டு அறுவைகளும் ஒரே காயத்தின் வழியே நடந்திருக்கும்போது, பிடித்த சீழ் வலையைச் சேர்ந்ததா தோலைச் சேர்ந்ததா என்று யார் பிரித்துச் சொல்வது? தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருக்க நேர்ந்தால், ஹெர்னியாவை மட்டும் செய்திருந்தால் ஐயமின்றிக் கிடைத்திருக்கக்கூடிய பணம் அப்போது வழக்குக்குரியதாகிவிடும். உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். சீரமைப்புக்கான தொகையைத் தவிர, மறு அறுவை ஒன்றைத் தாங்கும் அளவுக்குத் தனிப் பணம் கையிருப்பில் இல்லையென்றால், சேர்த்துச் செய்வதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். இரண்டாம் முறை அரங்குக்குப் போக நேர்ந்தால் எந்தெந்தக் கட்டணங்களை விட்டுக்கொடுப்பார்கள் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும் நல்லது.

மருத்துவ நோக்கில் சேர்த்துச் செய்வது சரியா என்றால், அது உங்களைப் பரிசோதித்த இரு மருத்துவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டிய முடிவு. அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். தொப்புள் ஹெர்னியாவைச் சரிசெய்யும்போது தொப்புளுக்குக் கீழிருந்து வரும் இரத்த ஓட்டம் குறையலாம். சீரமைப்பில் சுற்றியுள்ள தோலை விடுவிக்கும்போது பக்கங்களிலிருந்து வரும் ஓட்டமும் துண்டிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்தால் தொப்புளே அழுகும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்க எந்த முறையைக் கையாளப்போகிறீர்கள் என்று கேளுங்கள். வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் மூலம் வலை வைப்பதும் ஒரு வழி. உடல் எடை, சர்க்கரை, புகைப்பழக்கம், இரத்த உறைவுக்கான குடும்ப வரலாறு ஆகியவற்றை வைத்து உங்களுக்கு இடர் எவ்வளவு, உறைவைத் தடுக்க என்ன மருந்து, எத்தனை நாள் என்றும் கேளுங்கள். ஒரே மயக்கம், ஒரே விடுப்பு, ஒரே ஓய்வு என்ற வசதி பெரியதுதான். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹெர்னியாவை இப்போது காப்பீட்டில் முடித்துவிட்டுச் சில மாதங்கள் கழித்துச் சீரமைப்பைத் தனியாகச் செய்துகொள்வதும் நல்ல வழியே. அப்போது முதல் கோரிக்கையில் அழகு சிகிச்சை என்ற கேள்வி எழ வாய்ப்பில்லை.

கண்புரை அறுவையில் கூடுதல் பணம் கட்டி உயர்வகை லென்ஸ் வைத்துக்கொண்ட உறவினர்கள், அதே மாதிரிதானே இதுவும் என்று உங்களிடம் சொல்லக்கூடும். அது வேறு. அங்கே சிகிச்சை ஒன்றே. அதில் வைக்கும் பொருளின் விலை வித்தியாசத்தை மட்டும் நோயாளி தருகிறார். உங்களுடையதில் இரண்டு சிகிச்சைகள், அவற்றுள் ஒன்று விலக்கப்பட்டது. மூக்கின் நடுத்தண்டு வளைவைச் சரிசெய்யும்போது மூக்கின் வடிவத்தையும் மாற்றிக்கொள்பவர்களின் நிலைதான் உங்களுடையதற்கு நெருக்கமானது. அங்கும் மூச்சுத்தடைக்கான சான்றும் தனி பில்லும் இல்லாமல் போனால் இதே சிக்கல்தான்.

எழுத்தில் கேட்டும் கேஷ்லெஸ் அனுமதியை நிறுவனம் மறுத்தால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கேஷ்லெஸ் மறுப்பு கோரிக்கை மறுப்பு ஆகாது. பணத்தைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம், அதற்கான காலக்கெடுவைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்அனுமதி விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. எந்தக் கோரிக்கையையும் நிறுவனத்துக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்றும், பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எட்டாம் விலக்கைச் சொல்லி ஹெர்னியாவையும் சேர்த்து மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார்; கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முன்கூட்டியே அனுப்பிய அந்த மின்னஞ்சலும் இரண்டு எஸ்டிமேட்டுகளும் அங்கே உங்களுக்கு மிகவும் பயன்படும்.

கடைசியாக, காசோடு சம்பந்தமில்லாத ஒன்று. நிறுவனத்தின் பதிலுக்காகச் சில வாரங்கள் காத்திருப்பதில் பொதுவாகத் தவறில்லை. அதற்குள் பாரம் தூக்காதீர்கள், மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீக்கம் திடீரென்று கெட்டியாகி உள்ளே போக மறுத்தாலோ, அதில் கடும் வலி எடுத்தாலோ, மேல்தோல் சிவந்தாலோ, வாந்தி வந்தாலோ குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரங்களுக்குள் கவனிக்கப்பட வேண்டிய அவசரம். அப்போது எஸ்டிமேட், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஹெர்னியாவை மட்டும் செய்வார்கள், சீரமைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்குத் தகவல் தர அவசரச் சேர்க்கையில் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் அவகாசம் தருகின்றன; அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணைக் கணவரின் கைபேசியிலும் இன்றே பதிந்து வைத்துவிடுங்கள்.